பெயர் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்

சரவணா,

வியாழக்கிழமை நீ போனில் சொன்ன செய்தி இரண்டு நாளாக என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக்கி விட்டார்களாம். "யாரும் நிக்கலப்பா, என் தலையில கட்டிட்டாங்க" என்று சிரித்தாய். தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, கார் நிறுத்துகிற தகராறு, நாய் வளர்க்கிறவர்களுக்கும் வளர்க்காதவர்களுக்கும் நடக்கிற சண்டை என்று வரிசையாகச் சொன்னாய். பிறகு போகிற போக்கில், "உங்களுக்கு ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்கப்பா. இருபத்தொன்பது வருஷம் ஜனங்களோட பழகினவராச்சே நீங்க" என்றாய். கடைசியாக வழக்கமான கேள்வி: "எப்பப்பா இங்க வந்து இருக்கப் போறீங்க?" நானும் வழக்கம்போல "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. உன் குரலைக் கேட்டதும் "நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸ் போகிற அவசரத்தில் படிக்காதே. பிரியாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

உங்கம்மாவின் காரியம் முடிந்த கையோடு நீ என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனாய். நீயும் பிரியாவும் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு மாலை வரைக்கும் ஏழாவது மாடியில் நான் மட்டும் இருப்பேன். பால்கனியில் நின்று பார்த்தால் கீழே மனிதர்கள் நடந்து போவது தெரியும், முகம் தெரியாது. லிஃப்டில் யாராவது ஏறினால் நான் தலையை ஆட்டுவேன். அவர்கள் போனைப் பார்ப்பார்கள். ஒரு பெண்மணி பதிலுக்குச் சிரித்தார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அங்கே எனக்கு நாள் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் குப்பைப் பையை வெளியே வைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். இரண்டு அடிதான் வைத்திருப்பேன். பால்கனிப் பக்கமிருந்து வந்த காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. உங்கள் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே, போன் உள்ளே, கண்ணாடியும் உள்ளே. என் உடம்பில் வேட்டியும் பனியனும் மட்டும்தான். உன் போன் நம்பர் எனக்கு மனப்பாடமாக இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் நம் ஊர் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பர். அதை எடுக்க இப்போது யாருமில்லை.

எதிர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடித் துளை இருக்கிறதே, அதில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. யாரோ என்னைப் பார்க்கிறார்கள். நான் நிமிர்ந்து நின்று சிரிக்க முயன்றேன். பிறகு வெளிச்சம் மறுபடி வந்தது, காலடிச் சத்தம் உள்ளே போய்விட்டது. அடுத்த வீட்டில் பதிலே இல்லை. அதற்கடுத்த வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் டி.வி.யின் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. நான்காவது வீட்டில் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யாரு? என்ன வேணும்?"

"இதே மாடிதாம்மா. கதவு சாத்திக்கிச்சு. என் பையனுக்கு ஒரு போன் போடணும்."

"செக்யூரிட்டிகிட்ட பேசிக்குங்க."

"லிஃப்டுக்குக் கார்டு வேணுமேம்மா, அதுவும் உள்ளதான் இருக்கு."

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. ஐந்தாவது வீட்டு மணியையும் அடித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். படியில் இறங்கிப் போயிருக்கலாம் என்று நீ நினைப்பாய். முட்டிவலி ஒரு காரணம். பனியனோடு கீழே போய் நிற்க வெட்கமாக இருந்தது இன்னொரு காரணம். மாடிப்படியில் உட்கார்ந்தேன். வெயில் சுவரில் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாகம் எடுத்தது. அடுத்தபடியாக ஒண்ணுக்கும் வந்தது. எழுபது வயதுக்காரனின் அவஸ்தையை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. உங்கம்மா இருந்திருந்தால் கதவு சாத்தியிருக்காதே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. அவள் போன பிறகு நான் அழுதது அந்தப் படிக்கட்டில்தான், முதல் தடவையாக.

மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். பெயர் கஸ்தூரி என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பதாவது மாடியில் வேலை செய்கிறவர். வேலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய லிஃப்ட் பழுதாம், இன்னொரு லிஃப்டில் ஏறினால் திட்டுவார்களாம், அதனால் படியில் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்கய்யா, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "இதப் போர்த்திக்குங்க. துவைச்சதுதான்" என்றார். எனக்குக் குளிரவில்லை என்று அவருக்குத் தெரியும். எது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கீழே ஓடிப்போய்க் காவலரை அழைத்துவந்தார். அவர் வந்து எந்த வீடு, உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டு, நோட்டில் பார்த்து உனக்குப் போன் செய்தார். நீ கிளம்பிவிட்டாய் என்று தெரிந்த பிறகும் கஸ்தூரி போகவில்லை. "எனக்கு அடுத்த வீட்டு வேலை நாலு மணிக்குத்தான்" என்றார். அது பொய். நாலு மணி எப்போதோ தாண்டியிருந்தது. காவலர் அறையை அடுத்த கழிப்பறை வரைக்கும் என்னைக் கூட்டிப்போய், வெளியே நின்று காத்திருந்து, திரும்ப மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

நீ ஓடி வந்தாய். சட்டையெல்லாம் வேர்த்திருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாய், அதை நான் மறக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாள் நடந்ததை. செய்தி பார்க்கட்டும் என்று உன்னுடைய பெரிய டேப்லெட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். அதில் உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு தானாகத் திறந்துகொண்டது. அதில் என் படம் இருந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கதவுக் கேமராவில் எடுத்தது. பனியன், கலைந்த தலை, அசட்டுச் சிரிப்பு. அடையாளம் தெரியாத ஆள் ஏழாவது மாடியில் மணி அடிக்கிறான், எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவர், பிச்சைக்காரனை எப்படி உள்ளே விட்டார்கள் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் காவலரை மாற்ற வேண்டும் என்றார். மாலை ஆறு மணிக்கு நீ எழுதியிருந்தாய்: மன்னிக்கவும், பிரச்சினை முடிந்தது, இனிமேல் நடக்காது.

அதைப் பலமுறை படித்தேன். வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தேன். அவர் என் அப்பா என்று எங்கேயும் இல்லை.

ஊரில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சனிக்கிழமையே நான் பஸ் ஏறினேன். கூரை ஒழுகவில்லை சரவணா. இத்தனை மாதம் கழித்து இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன்னைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இல்லை. அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் கூடிப் பேசுகிற இடத்தில் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டுத் தப்பிக்கத்தான் தோன்றும். எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் நான் இருபத்தொன்பது வருஷம் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

காரைக்கால் பஸ் நிலையத்தில் விசாரணைக் கூண்டில் அப்பா உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். கம்பிக்கு நடுவில் பாதி வட்டமாக ஒரு ஓட்டை. கேட்க வருகிறவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு போகிற கூட்டம் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். ஒரே கேள்வியை ஆயிரம் வாய் கேட்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். தலையை நிமிர்த்தாமல், கையிலிருக்கும் பேனாவால் திசையைக் காட்டிவிடுவது. முகத்தைப் பார்த்தால்தான் அடுத்த கேள்வி வரும். பார்க்காவிட்டால் போய்விடுவார்கள். உங்கம்மா சொல்வாள்: "அங்க பேசுற மாதிரி இங்க பேசாதீங்க. எனக்கு பஸ் எல்லாம் வேணாம்." நான் சிரிப்பேன். அதில் பாதி நிஜம் என்று எனக்குத் தெரியும்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. ஒரு பெண் குரல், "தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி போகணுங்க, எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டது. நான் "மூணாவது" என்று பேனாவைக் காட்டினேன். கூட்டத்துக்காக அன்றைக்கு வண்டிகளை இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதாக நின்றது சிதம்பரம் போகிற வண்டி. தலையைத் தூக்கியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே குரல் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. "எத்தனை தடவதான் சொல்றது? காலைலயே சொன்னேன்ல?" என்று கத்தினேன். அந்தக் குரல் போய்விட்டது. எனக்கு அது அப்போதே மறந்தும் போயிற்று.

ஒரு மாதம் கழிந்திருக்கும். கூட்டமில்லாத ஒரு நாள், ஓட்டைக்கு முன்னால் ஒரு பெண் குனிந்தார். நாற்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்துக்காரர். நெற்றியில் பொட்டு இல்லை. "ஐயா, தஞ்சாவூர் பஸ்ஸு எதுன்னு சரியா சொல்லிடுங்கய்யா. அவர் செத்த சர்டிபிகேட்டு வாங்கணும். போன தடவ மாறி ஏறிட்டேங்க. டிக்கெட்டு குடுக்க கண்டக்டர் வர்றப்போ தரங்கம்பாடி வந்துருச்சு. திரும்பி வந்து, வேற வண்டி புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அவர் போயிட்டார். ஒரு மணி நேரம் முந்திப் போயிருந்தா பாத்திருப்பேன். என்னையத்தான் தேடுனாராம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. யார் மேலும் பழி போடவும் இல்லை. தான்தான் மாறி ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கை காட்டியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான்தான் முகத்தையே காட்டவில்லையே. கூண்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பயணிக்காக நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வண்டி வரைக்கும் கூடப் போய், ஜன்னலோரமாக உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடச் சொல்லி நடத்துனரிடம் சொன்னேன். 'அது நான்தாம்மா' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வண்டி கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாக, "நல்லா இருக்கணும் நீங்க. உங்கள மாதிரி அன்னிக்கு ஒருத்தர் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

இதை நான் உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முதல் முதலாக உனக்குத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு அப்பா திருந்திவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம்தான் தலையை நிமிர்த்தி முகம் பார்த்துப் பேசினேன். பிறகு மறுபடி கூட்டம், மறுபடி வெயில், மறுபடி பேனா. ஒரு பெரிய வருத்தம்கூட மனிதனை அவ்வளவு சுலபமாக மாற்றிவிடுவதில்லை. தினமும் கொஞ்சம் முயற்சி வேண்டியிருக்கிறது. அந்த முயற்சியை நான் செய்யவில்லை. உங்கள் மாடியில் ஒவ்வொரு கதவாக நின்றபோது, எந்த மனிதரையும் என்னால் திட்ட முடியவில்லை. உள்ளே தனியாக இருக்கும் ஒரு பெண், மத்தியான நேரத்தில், தெரியாத ஆண் ஒருவன் மணி அடித்தால் பயப்படத்தானே செய்வாள்? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் அங்கே நாற்பது நாளாக இருந்தேன். அவர்களுக்கு நான் தெரியாத ஆளாக இருந்ததுதான் நியாயமில்லை. அதில் என் பங்கும் உண்டு. வந்த முதல் வாரமே ஒரு கதவைத் தட்டி, நான் சரவணனுடைய அப்பா, காரைக்காலிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யாராவது என்னிடம் வந்து பேசட்டும் என்று காத்திருந்தேன். கூண்டில் உட்கார்ந்து பழகின உடம்பு.

ஊருக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வந்தேன். அதுவும் இல்லை. நம் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிரான்சில் ஒரு குடும்பம், சிங்கப்பூரில் ஒரு குடும்பம், துபாயில் இரண்டு. வருஷா வருஷம் ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், கதவு மட்டும் திறப்பதில்லை. ஒரு நாள் காலை காய்கறி வண்டிக்காரரிடம் அரை கிலோ கத்தரிக்காய் கேட்க வாயைத் திறந்தேன், குரலே எழும்பவில்லை. இருமிவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. அப்போதுதான் உறைத்தது, முந்தின நாள் காலையிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு நீயும் போன் செய்யவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

நம் வீட்டுக்கு வலப்பக்கம், ஒரே சுவர், ஒரு அம்மா தனியாக இருந்தாரே, நினைவிருக்கிறதா? நாம் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். உங்கம்மாவுக்காவது அவரைப் பார்த்தால் சிரிக்கிற பழக்கம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மகனை 'வாப்பா' என்று செல்லமாகக் கூப்பிட்டுப் போனில் பேசுவது கேட்டது. "சாப்பிட்டேன் வாப்பா. நல்லாத்தான் இருக்கேன் வாப்பா. எனக்கென்ன கொறை, பக்கத்துல எல்லாம் ஆளுங்க இருக்காங்க" என்றார். நான் உன்னிடம் சொல்கிற அதே வார்த்தைகள், அதே குரல். அந்தப் 'பக்கத்துல ஆளுங்க' நான்தான். அவருக்கு என்னுடைய பெயர் தெரியாது, எனக்கு அவருடைய பெயர் தெரியாது.

மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. திறக்கவில்லை. எனக்கு உங்கள் ஏழாவது மாடியில் நிற்பது போலவே இருந்தது. திரும்பிவிடலாம் என்று ஒரு கால் எடுத்துக்கூட வைத்துவிட்டேன்.

"யாருங்க?"

"பக்கத்து வீட்டுக்காரன்மா."

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க பேரு தெரியாது. பேரு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறார் போல, என்று எண்ணிக்கொண்டேன். பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பாதிக் கதவைத் திறந்தார்.

"சுபைதா" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "உங்க வீட்ல அவங்க தவறினப்போ வரணும்னு கிளம்பி, உங்க கேட்டு வரைக்கும் வந்தேண்ணே. உள்ள வந்து யாருகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. பேச்சு வார்த்தையே இல்லாம இருந்துட்டு அன்னிக்கு மட்டும் எப்படி வர்றதுன்னு திரும்பிட்டேன். அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அது இப்போது பெயருள்ள ஒரு மனுஷியின் சத்தமாக இருந்தது.

அவர்தான் ஒரு நாள் கேட்டார்: "அண்ணே, காலைல எட்டு மணி தாண்டியும் என் வாசல்ல பால் பாக்கெட்டு கெடந்தா ஒரு பெல் அடிப்பீங்களா?" நானும் அதையேதான் அவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறவர்களுக்கு எந்தப் பயம் பெரியது என்று தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். உனக்குத் தெரியாது. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டபோது, மழைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். முதல் நாள் எட்டேகாலுக்கு சுபைதாம்மா கதவைத் தட்டினார். நான் தட்டுத்தடுமாறித் திறந்தேன். என்னைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். நான்கு நாளும் கஞ்சி வந்தது. வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பையனுக்குப் போன் போடவாண்ணே?"

"வேணாம்மா. பயந்து போய்க் கிளம்பி வந்துடுவான்."

"நானும் அதத்தான் சொல்லுவேன். பொய் சொல்றதுல ரெண்டு பேரும் ஒரே ஆளு" என்று சிரித்தார். உங்கம்மா போன பிறகு இந்த வீட்டுக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். செயலாளராகி என்ன செய்வது என்று கேட்டாய். பெரிய விழா எதுவும் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் அன்பைப் பற்றி வாசகம் எழுதி ஒட்டாதே, யாரும் படிக்க மாட்டார்கள். நீ முதலில் உன் எதிர் வீட்டு மணியை அடி. பெயர் கேள். அந்த நான்காவது வீட்டுப் பெண்ணிடமும் போ. கோபமாகப் போகாதே, பாவம், அவளும் அன்றைக்குப் பயந்துதான் இருந்திருப்பாள். நாம் தினமும் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறவர்களாக இருந்தால், யாராவது தவித்து நிற்கும்போது கதவு தானாகத் திறக்கும். பழகாமலே இருந்துவிட்டு ஆபத்தில் மட்டும் திறக்க வேண்டும் என்றால் எந்தக் கதவும் திறக்காது. யாராவது ஓடி வந்தால் லிஃப்டை நிறுத்து. தண்ணீர் லாரிக்காரரின் பெயர் என்ன என்று கேள். வேலை செய்ய வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட் என்கிற ஏற்பாட்டை உன்னால் மாற்ற முடியுமா என்று பார். முடியாவிட்டால், அது பழுதான நாளிலாவது அவர்கள் ஒன்பது மாடி ஏறி இறங்காமல் பார்த்துக்கொள். கஸ்தூரி என்னால் நேரம் தாழ்ந்து போய் அடுத்த வீட்டில் ஏச்சு வாங்கினார் என்று காவலர் சொன்னார். அவருடைய துண்டை நான் தெரியாமல் பையில் போட்டுக் கொண்டு வந்துவிட்டேன். துவைத்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீயே ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கொடு. யார் கொடுக்கச் சொன்னார் என்று அவர் கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

இதெல்லாம் செய்தால் உடனே எல்லோரும் பதிலுக்குச் சிரிப்பார்கள் என்று நினைக்காதே. சிலர் சந்தேகப்படுவார்கள். சிலர் செயலாளர் ஓட்டுக்காகக் குழைகிறார் என்பார்கள். நான் மறுபடி மறுபடி தோற்றது அந்த இடத்தில்தான். பதில் வரவில்லையே என்று பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நீ எடுத்துக்கொள்ளாதே. என் மேல் வருத்தமா என்று நீ போனில் கேட்பாய். இருந்தது, இப்போது இல்லை. தை பிறந்ததும் பத்து நாள் வந்து தங்குகிறேன். நிரந்தரமாக வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. போன திங்கட்கிழமை சுபைதாம்மாவின் மகன் வந்து அவரைச் சிங்கப்பூருக்கே அழைத்துப் போய்விட்டார். இனி அங்கேதான். மூட்டு தேய்ந்துவிட்டது, தனியாக விட மனசில்லை என்றார் அந்தப் பிள்ளை. நியாயம்தான். நான் கார் வரைக்கும் போய்ப் பையை வைத்துக் கொடுத்தேன். "பன்னெண்டாவது மாடியாம்ணே" என்றார் அவர். "போனதும் பக்கத்து வீட்டு பெல்ல அடிச்சுப் பேரு கேட்டுடுவேன். அவங்களுக்குத் தமிழ் தெரியுமோ, சீனத்துக்காரங்களோ." கார் திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனார். இப்போது நம் தெருவில் பூட்டின வீடுகளில் இன்னும் ஒன்று கூடிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நாளாக எட்டு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன். பழக்கம் போகவில்லை.

இடப்பக்கத்து வீட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி குடி வந்திருக்கிறார்கள். சின்ன வயது. காலையில் ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள், பொழுது சாயும்போது வருகிறார்கள். தலையாட்டினால் அந்தப் பையன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்ப்பான், சிரித்தானா என்று தெரியாது. நாளை ஞாயிறு, வீட்டில் இருப்பார்கள். காலை பத்து மணிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். என்ன பேசுவது, திறக்காவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது. நீல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

உன்
அப்பா